எந்தக் கை முதலில்

ஒன்பது வருஷமாய் யாரும் கேட்காத கேள்வி அது.

பீடோங்கில்
விழுந்தவனைச் சுற்றி நிற்கத் தெரிந்தவர் அதிகம்.
கோப்பிக் கடையில் ஒருமுறை,
தபால் நிலைய வரிசையில் ஒருமுறை,
மீன் பாசாரின் ஈரத்தில் ஒருமுறை.
சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள்.
பிறகு என்னிடம் நுரையைச் சொல்வார்கள்,
குரலைத் தாழ்த்தி, நனைந்த கால்சட்டையைச் சொல்வார்கள்.
எல்லாரும் முடிவுக்குச் சாட்சி.
தொடக்கம் சத்தம் போடாது.

அதற்கும் முன்னால் வயிற்றில் ஏதோ ஏறும் தெய்வீகனுக்கு.
"லிஃப்ட்டு சட்டுன்னு கெளம்புமே, அப்படி."
கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்றார்கள்.
குடித்த வெள்ளை மருந்துக் காசைச் சேர்த்திருந்தால்
ஒரு மோட்டோ வாங்கியிருக்கலாம்.

பினாங்கு டாக்டர் நோர்ஹயாத்தி
ஸ்கேன் படத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:
"தாங்ஙான் மானா டுலு?"
எந்தக் கை முதலில்?
நான் என் கைகளைப் பார்த்தேன்.

செம்பனை ஆலையில் லோரி எடை போடுகிறவன் என் புருஷன்.
கூண்டுக்குள் ஒரு கேமரா உண்டு,
குலைத் திருட்டுக்காக வைத்தது.
மேலாளர் அஸ்மான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்,
யாருக்கும் காட்டவில்லை என்று இரண்டு தரம் சொல்லி.

ரசீது கிழிக்கப் போனவன் அப்படியே நிற்கிறான்.
வலக்கை சட்டைப் பொத்தானை உருட்டுகிறது, உருட்டுகிறது.
இடக்கை மணிக்கட்டில் முறுகி
காய்ந்த மட்டையாய் விறைக்கிறது.
வாய் மட்டும் வேலையை விடவில்லை:
"கே சி பி நாலு ஒண்ணு ஏழு ரெண்டு
கே சி பி நாலு ஒண்ணு"
வெளியே நிற்பது வேறு லோரி.
விழவில்லை அன்றைக்கு.
வலக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
நாற்காலியைத் தேடுகிறான்.

டாக்டர் பின்னால் ஓட்டினார். மறுபடி. மறுபடி.
நான் கண்ணை மூடிய இடங்களில்
அவர் இன்னும் கிட்டே குனிந்தார்.

முறுகின கை இடது என்றால்
நெருப்பு எதிர்ப்பக்கத்தில்.
துழாவின கையும், மூக்கைத் துடைத்த கையும்
நெருப்பு இருக்கும் பக்கத்துக் கைகள்.
பேச்சு நிற்காததால்
பேச்சு குடியிருக்கும் இடப்பக்கம் தப்பித்தது.
தன் வலக்காதுக்கு மேலே விரலை வைத்தார்:
"இங்கே. அநேகமாக."
மற்றச் சோதனைகளும் இதையே சொன்னால்
கொஞ்சம் வெட்டி எடுக்கலாமாம்.

ஒன்றை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சில பின்னிரவுகளில்
என் சாரோங் ஓரத்தைத் தேடி வரும் ஒரு கை.
துணியை இரண்டு விரலில் வைத்து உருட்டும்.
கல்யாணமான புதிதில் ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.
பிறகு, சண்டை போட்ட நாட்களில்,
மன்னிப்பு என்று.
கலைத்துவிடக் கூடாதென்று மூச்சைக்கூடப் பிடித்திருக்கிறேன்.

எப்போதும் வலக்கை.
நான் அவனுக்கு வலப்பக்கம் படுப்பவள்,
வேறெந்தக் கை வரும் என்று சமாதானம்.

நேற்று இடம் மாறிப் படுத்தேன்.

மூன்று பன்னிரண்டுக்கு,
நானில்லாத அந்தப் பக்கத்தில்
வலக்கை மெத்தை விரிப்பை உருட்டிக்கொண்டிருந்தது,
அதே இரண்டு விரல், அதே பொறுமை.
என் பக்கம் கிடந்த இடக்கை
முறுகிக்கொண்டு வந்தது.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
நாற்பது விநாடி இருக்கும்.
கைபேசியை எடுத்திருக்க வேண்டும்.
எடுக்கவில்லை.