குமிழில்லாமல்

போத்தல் கட்டைவிரல் அளவு.
விளிம்பு தளும்ப நிரப்பி மூடிக்
கவிழ்த்துத் தட்டிப் பார்க்கவேணும்.
ஒரு குமிழ் ஏறினாலும்
ஊற்றிவிட்டுத் திரும்பப் பிடி.
நாங்கள் தேடுகிற சாமான்
காற்றைக் கண்டால் ஓடிவிடும்.

குளம் வான்பாய்ந்த கிழமை.
மருதஞ்சருகும் மாட்டுச் சாணமும்
காட்டுக்குள் ஒரு வருசம் ஊறிக்கிடந்த கறுப்பும்
துருசடியில் வந்து நிற்கின்றன.
தண்ணீர் பிளேன்ரீ நிறம்.
வடிகட்டி நிறத்தை எடுக்குமுன்
குளோரின் இறங்கிவிடும்,
குழாயை அப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள்.
கிருமியைக் கொல்லப் போனது
சருகோடு சம்பந்தம் வைத்துப்
பெற்ற பிள்ளைகளுக்கு நீள நீளமாய்ப் பெயர்.

மல்லாவிச் சந்தையடியிலிருந்து போன்:
"பிள்ளை, தண்ணி ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது.
சோறும் மணக்குது."
மருந்தைக் குறைக்கலாம்.
குறைத்த வருசம் நெருப்புக்காய்ச்சல்,
பதினொரு பொடியள், ஒரே பள்ளிக்கூடம்.
அந்தப் பதிவேடும் என் அலுமாரியில்தான்,
கை எட்டுகிற தட்டில்.

ஐஸ்பெட்டி விடிய நாலரை பஸ்ஸில் போனது.
முடிவு வர இருபத்திரண்டு நாள்.
அதற்குள் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்து
வேர்த்து அழுது
ஒன்றுக்கிருந்து முடித்துவிட்டது.

வால்வு அறையில் கேதாரன் அண்ணைக்கு வாசித்தேன்.
முதல் வரி குளோரோபோம்.
லீற்றருக்கு இத்தனை மைக்ரோகிராம்,
எல்லைக்கு ஒரு நூல் இந்தப்பக்கம்.

"என்னது?"
திரும்பச் சொன்னேன்.
செயற்கைக் காலைக் கழற்றி
மோட்டருக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுச்
சிரிக்கத் தொடங்கினார்.
"அண்டைக்கு வாங்கில கிடத்தி
நாலு பேர் அமத்திப் பிடிச்சவை.
டொக்டர் மயக்கமருந்துப் போத்தலைக்
கவிட்டுத் தட்டிக் காட்டினவர்.
ஒரு சொட்டு இல்லை.
இப்ப என்னெண்டா
ஊர் முழுக்கப் பைப்பில வருதோ?"

இந்த அளவுக்கு ஒருத்தருக்கும்
நித்திரைகூட வராது அண்ணை, என்றேன்.
முப்பது வருசம் தொடர்ந்து குடித்தால்
என்ன வரும் என்பதுதான் கணக்கு.

"முப்பது வருசமோ" என்றார்,
நான் காணி உறுதி எழுதிக் கையில் தந்ததுபோல.

பின்னேரம் வள்ளத்தில் போய்
வலையில் சிக்கின சருகை அள்ளினோம்.
பதினாலு கடகம், அரைவாசிகூட இல்லை.
குளோரின் முனையை வடிகட்டிக்குப் பின்னால் மாற்றச் சொல்லி
மூன்றாம் கடிதம் எழுதினேன்.
பிறகு, கைகளில் அந்த அழுகல் மணம் போகாமலே,
அடுத்த போத்தலைப் பிடித்தேன்.
கவிழ்த்தேன். தட்டினேன்.
ஒன்று ஏறியது.