பின்னிணைப்பு ஏழு

நூற்று நாற்பத்திரண்டு பக்கம்.
மூன்றாம் முறை போய்க் கேட்டபின் தந்தார்கள்.
பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே வாசித்தேன்.

"எதிர்பாராத நிலத்தடிக் குழிவு" என்கிறது முடிவுரை.
யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்
உள்ளுக்குள் ஓட்டையாம்,
ஐப்பசி மழைக்கு வாய் பிளந்ததாம்.

சரி.
அப்படியென்றால் ஏழு அடி தள்ளி
ஞானாம்பிகை வளவுக் கிணற்றுக்கட்டு
ஒரு கீறலும் இல்லாமல் நிற்பது எப்படி?
அதே கல்லைத்தானே
எண்பது வருடத்துக்கு முன் வெடிவைத்துப் பிளந்தார்கள்?

துளையிட்டு எடுத்த மாதிரிகள் ஒன்பது.
ஒன்பதும் விழாத தூண்களில்.
விழுந்ததில் ஏன் ஒன்றுமில்லை?
விழுந்ததை மூன்றாம் நாள் விடியமுன்
பெக்கோ அள்ளிப்போய்
நாவாந்துறைக் கரையில் கொட்டிவிட்டது.
குழு வந்தது பதினோராம் நாள்.

நான் போனேன்.
வீட்டுச் சாவியால் சுரண்டினேன்.
கொங்கிரீட்
அவிக்காத பிட்டுமாவாய் உதிர்ந்தது.
நாக்கில் வைத்தேன், உப்பு.
கடலோரம் கிடந்தால் உப்புத்தானே என்பீர்கள்.
அதற்காகத்தானா அங்கே கொட்டச் சொன்னீர்கள்?
ஆனால் துண்டை உடைத்தபோது
உள்ளே ஒரு சிப்பி,
வாய் மூடியபடி, முழுசாய்.
இறுகிய தூணுக்குள்
அது எந்த வழியால் நீந்திப் போனது?

அறிக்கையில் அவர்கள் "மூவர்".
குலேந்திரராசா, மேசன்.
மஸ்கெலியாவிலிருந்து வந்த பெருமாள்,
சம்பள நாளில் மட்டும் சிகரெட் வாங்குபவர்.
பற்றிமாகரன், குருநகர்ப் பொடியன்.
வைப்ரேட்டர் பிடித்த கை நடுக்கம் அடங்காமல்
அவனுடைய தேத்தண்ணிக் கோப்பை
என் மேசையில் கிலுகிலுக்கும்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் பஸ் வந்தது.
ஏறவில்லை.

"களஞ்சியப் பதிவேட்டின்படி
மணல் முறையாகக் கழுவப்பட்டுள்ளது.
பார்க்க: பின்னிணைப்பு ஏழு."
பார்த்தேன்.
நிழற்பிரதி. சாய்ந்த ழு.
என் எழுத்து.

மணல், லொறி மூன்று. கழுவியது.

கழுவவில்லை.
தண்ணீர் பவுசர் அன்றைக்கு வரவில்லை.
"கழுவினது எண்டு போடு பிள்ளை,
பிறகு கழுவுவம்" என்றார் தவநேசன்.
அவர் குரலில் ஒரு மிரட்டலும் இல்லை,
சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது.
போட்டேன்.
மத்தியானம் கலவை ஏறியது.

இருபத்தாறு பேரை விசாரித்தீர்கள், ஐயாமாரே.
காவலாளியை, லொறிக்காரனை,
எதிர்க்கடையில் வடை சுடுபவரைக்கூட.
பதிவேட்டை எடுத்துப் போனீர்கள்,
எழுதியவளைக் கதிரையிலேயே விட்டுவிட்டு.

சிப்பி என் கைப்பையில் கிடக்கிறது,
பஸ் காசோடு உரசிக்கொண்டு.

நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றா
என்னைக் கூப்பிடாமல் விட்டீர்கள்?
இல்லை,
கூப்பிட்டிருந்தாலும்
கழுவியது என்றுதான் சொல்லியிருப்பேன் என்று
எனக்கு முன்னமே
உங்களுக்குத் தெரிந்திருந்ததா?