மேற்படி குழந்தை

நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி குறுக்கே நின்றதில்
அரை மணி போனது.
மஞ்சக்குப்பத்தில் இறங்கி ஓடினேன்.
கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர்
யாருக்கு இன்றைக்கு வழக்கு, யாருக்கு வெறும் வாய்தா என்று
நடையைப் பார்த்தே சொல்வாராம்.
என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
புதுசு என்று தெரிந்திருக்கும்.

வருமானச் சான்று வேண்டாம், பெண்ணென்றால் போதும்
என்றார் அமலோற்பவம் வக்கீல்.
உங்களுக்குக் காசு?
அரசாங்கம் தரும். ஆற அமரத் தரும்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருவிரலை ஒற்றச் சொன்னார்கள்.
கருப்பட்டி வில்லை மாதிரி விழுந்தது,
கோடே இல்லாமல்.
பதினோரு வருசம் பண்ருட்டியில் முந்திரி உடைத்தவள்.
கொட்டைப் பால் தின்ற விரல்
ரேஷன் கடை மெஷினுக்கும் என்னைத் தெரியாது.
வக்கீலம்மா ஊதிக் காயவைத்தார்.
இருக்கட்டும் என்று அடுத்த பக்கம் திருப்பினார்.

அடித்தாரா?
ஒரு தடவை.
குடிப்பாரா?
பொங்கலுக்கு.
வேறென்ன என்றார், பேனா நின்றது.
வேறென்ன என்று நானும் யோசித்தேன்.

சோறு போடச் சொல்லுடா உங்கம்மாவை.
இல்லைன்னு சொல்லுடா.
கரண்டு பில் கட்டியாச்சான்னு கேளுடா.
ஒரே அறை, நடுவில் பாய்,
அதைத் தாண்டத் தபால்காரனாய் ஏழு வயசுப் பையன்.
இரண்டு வருசம் அப்படித்தான் பேசினோம்.
சில நாள் அவனே வார்த்தையை மாற்றிக் கொண்டுவருவான்,
கொஞ்சம் சர்க்கரை போட்டு.
பள்ளி திறந்த வாரம் அவனைக் கூட்டிப் போனவர்
திருப்பி விடவில்லை.

வக்கீலம்மா இரண்டே சொல் எழுதினார்:
மனரீதியான கொடுமை.
பாய் அதற்குள் எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.

காவல் கேட்டு இன்னொரு மனு.
எனக்குத் தெரிந்த காவல்
பங்குனி சித்திரையில் முந்திரிக் கொல்லைக் காவல்,
டார்ச்சு, தடி, ஒரு நாய்.
தட்டச்சாகி வந்த தாளில்
நான் மனுதாரர், தேசிங்கு எதிர்மனுதாரர்.
சர்வேஷ் என்ற பெயர் முதல் பத்தியோடு சரி.
அதற்குப் பிறகு எல்லா இடத்திலும்
மேற்படி குழந்தை.
மேற்படி குழந்தையின் நலன்,
மேற்படி குழந்தையின் படிப்பு.
மேற்படி குழந்தைக்கு
ரசத்தில் தக்காளி கண்ணில் படக்கூடாது என்பதை
எந்தப் பத்தியில் சேர்ப்பது?

மூன்றாவது வாய்தாவில்
நீதிபதியம்மா அவனைத் தனியறைக்கு அழைத்தார்.
யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டிருப்பார்.
கதவு சாத்தியிருந்தது.
இந்தப் பக்க பெஞ்சில் நான், அந்தப் பக்கம் அவர்,
இருவருமே தபாலுக்குக் காத்திருந்தோம்.
வெளியே வந்தவன்
தண்ணி தாகம் என்றான்.
அவ்வளவுதான்.
முதல் தடவையாக ஒரு செய்தியைத்
தன்னிடமே வைத்துக்கொண்டான்.

இடைக்கால உத்தரவு:
ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை,
பத்திலிருந்து பன்னிரண்டு,
குழந்தைகள் அறையில் தாய் பார்க்கலாம்.
தும்பிக்கை உடைந்த பிளாஸ்டிக் யானை.
சுவரில் எழுத்துகள், அ முதல் ஏ வரை,
மிச்சத்தை மழை ஊறித் தின்றுவிட்டது.
மடித்துக் கொண்டுபோன வறுத்த முந்திரியில்
பாதி தின்றான்.
மீதியை ஜோபியில் போட்டுக்கொண்டு
என் மடியில் சாய்ந்தான்.
மேற்படி குழந்தை தூங்கிவிட்டது.

வழியில் எட்டிப் பார்த்த வக்கீலம்மா
எழுப்பேன் அஞ்சலாட்சி, நேரம் போகுது என்றார்.
உத்தரவில் மணிதான் போட்டிருக்கிறது,
விழித்திருக்க வேண்டும் என்று இல்லையே என்றேன்.
அவர் வேறு வழக்குக்குப் போய்விட்டார்.
கால் மரத்துப்போனது. ஆட்டவில்லை.
வாய் திறந்து தூங்குகிறான்,
மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருக்கிறது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிசம்.
நிலைப்படிக்கு வெளியே தேசிங்கு,
கையில் பையனின் தண்ணீர் பாட்டில்.
எழுந்துட்டானா? என்றார்.

யாரிடம் கேட்கிறாரென்று பார்த்தேன்.
அவன் தூங்குகிறான்.
அறையில் வேறு யாரும் இல்லை.

இன்னும் இல்லை, என்றேன்.