சுருள் விளக்கு

நவம்பர் கடைசியில், ஷிலுட்டே பாலத்துக்கு முன்
மறுபடியும் சிமிட்டத் தொடங்கியது.
மஞ்சள் நிறம். ஸ்பிரிங் போல ஒரு சுருள்.
கையேடு சொன்னது:
எஞ்சினில் கோளாறு, பணிமனையை அணுகவும்.
எந்தப் பணிமனை, மாதக் கடைசியில் எந்தப் பணம்
என்பதெல்லாம் அதில் இல்லை.

இருபது வயது பஸாட். டீசல்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்
புகைபோட்ட விலாங்கு மீனைச் சுமந்து சுமந்து
இருக்கைப் பஞ்சுக்குள்ளும் மீன்.
காலையில் ஒரே சாவித் திருப்பில் கிளம்பிவிடும்.
இருமல் இல்லை. கரும்புகை இல்லை.
மேட்டில் திணறுகிறதா என்று கேட்டான் அல்வீதஸ்.
ஆறு கடலுக்கு வழிதேடும் இந்த ஊரில்
மேட்டுக்கு நான் எங்கே போவேன்?

சூடேற்றும் பிளக் என்றான் முதலில்.
நான்கையும் மாற்றினான்.
ஒன்று பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட
அதைத் தோண்டி எடுக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.
விளக்கு சிமிட்டியது.
ரிலே என்றான்.
சிமிட்டியது.
இன்ஜெக்டருக்குப் போகும் வயர்க் கொத்து என்றான்,
எண்ணெய் ஊறிய பழையதை ஆதாரமாகக் காட்டினான்,
நானும் தலையாட்டினேன்.
படகை விற்ற பணம் அப்போது இன்னும் கொஞ்சம் இருந்தது.

சந்தையில் வாங்கிய ஒரு கருவி வைத்திருந்தான்.
செருகுவான், ஏதோ எண் வரும்,
படிக்காமலே அழிப்பான்.
அழித்தால் இரண்டு நாள் நிம்மதி.
குறை சொல்ல மாட்டேன்.
வங்கிக் கடிதங்களை நான் உறை பிரிக்காமல்
அடுப்பில் போடுவதும் அந்த இரண்டு நாளுக்காகத்தான்.

அந்த மாதங்களில் ஊருக்கே என்மேல் கோபம் என்று நினைத்தேன்.
ரொட்டி வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுப்பதில்லை.
பள்ளிப் பேருந்து என் பின்பக்கத்தை உரசுகிற மாதிரி வந்து
கிறீச்சிட்டு நின்றது.
ஓட்டுநர் இறங்கி, என்னைப் பார்த்துத் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.
மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று
வீட்டில் டாங்குவொலேயிடம் சொன்னேன்.
அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

வைடிலே பானெட்டைத் திறக்கவே இல்லை.
டிராக்டர் நிலையத்தில் வேலை பார்த்தவள்.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
தன் கணினியைச் செருகினாள், வந்ததைப் படித்தாள்,
சத்தமாகவே படித்தாள்:
பிரேக் பெடல் சுவிட்ச். நம்பத் தகாத சமிக்ஞை.

ரிவர்ஸ் எடு, சுவரை ஒட்டி நிறுத்து என்றாள்.
மிதி.
கண்ணாடியில் என்ன தெரிகிறது?

சுவர் தெரிந்தது. சாம்பல் நிறம்.
இன்னும் அழுத்தி மிதித்தேன்.
சாம்பல்.

எங்கே அடிபட்டாலும் நாய் காலைத்தான் நொண்டும்.
இதுவோ காலில் அடிபட்டு
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது,
நாங்களும் நெஞ்சையே அறுத்துப் பார்த்திருக்கிறோம்.

எவ்வளவு நாளாக, என்று கேட்டாள்,
நீ நிற்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமல் இருக்கிறது?

ஒன்பது யூரோ. பன்னிரண்டு நிமிடம்.
டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து
கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக்கைத் திருகினாள்.
பழையதை என் கையில் போட்டாள். எடையே இல்லை.

சுருள் அணைந்தது. அணைந்தே இருந்தது.
வழியெல்லாம் தேவையில்லாமல் பிரேக் பிடித்தேன்.
ரொட்டி வண்டி பின்னால் வந்தது,
தள்ளியே வந்தது, ஹாரன் அடிக்கவில்லை.

முற்றத்தில் புகைக்கூடத்துச் சுவர் பக்கம்
பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்தினேன்.
மிதித்தேன். ஈரச் செங்கல் முழுக்கச் சிவப்பு.
விட்டேன். இருட்டு.
மிதித்தேன்.

சமையலறை ஜன்னலில் அவள் நிழல் நின்றது, நகர்ந்தது,
கதவு திறந்தது.
கால்சட்டைக்கு மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தாள்.
எதற்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய்?

கண்ணாடியை இறக்கினேன்.
பெடலிலிருந்து காலை எடுக்காமல்
படகிலிருந்து தொடங்கினேன்.