நாலு ஆள் ஆழம்

பெனாசிருக்கு லைசென்ஸ் வந்து ஒன்பது நாள்.
தங்கச்சி மாப்பிள்ளையின் பழைய ஆல்ட்டோ,
மூன்றாம் கியருக்குப் போகும்போது
தொண்டையைச் செருமும்.
"பள்ளம் பார்க்கப் போலாமா" என்றாள்,
ஊரெல்லாம் மலை பார்க்கப் போவதைப் போல.

எங்கள் மாவட்டத்தில்
கழுத்தை நிமிர்த்திப் பார்க்க அதிகமில்லை.
தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம்,
ஒரு மினாரா, ஒரு மணிக்கூண்டு.
குனிந்து பார்க்கக் கிணறு உண்டு, அதிலும் உப்பு.
ஸ்கேன் சென்டரில் வாரம் முழுக்க
அடுத்தவர் வயிற்றுக்குள் பார்க்கிறவர்கள்
ஞாயிற்றுக்கிழமை
பூமிக்குள் பார்க்கப் புறப்பட்டோம்.

ஏர்வாடி தாண்டியதும்
சாலை ஒரு முடிவுக்கு வந்த மாதிரி நேரானது.
இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்,
நடுவே எங்காவது உப்பளத்தின் வெள்ளைப் பல்.
சிக்கல் என்றே பேர் வைத்த ஊரில் பஞ்சர்.
சூசைராஜ் ஜாக்கி போட்டான்.
கழற்றிய நட்டுகளை என் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டேன்,
நான்கில் ஒன்று உருண்டுபோய்
ஓர் ஆட்டுக்குட்டி அதை முகர்ந்துகொண்டிருந்தது.

சாயல்குடியில் கருப்பட்டிக் காப்பி.
"பள்ளமா? எந்தப் பள்ளம்?" என்றார் கடைக்காரர்.
"ரோட்டுலயா?"

தெற்கே திரும்பி,
செம்மண் தொடங்கிய இடத்தில் வரைபடம் நின்றது.
ஒரு நீலப் புள்ளியாக
வெறும் சாம்பல் நிறத்தில் மிதந்தோம்.
தினமும் நான் பார்க்கும் சாம்பல்தான் அது.

நேற்று மதியம்,
முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண், ஏழாவது மாதம்,
பஸ் டிக்கெட்டை இன்னும் கைக்குள் மடித்து வைத்திருந்தாள்.
"பிள்ளை நல்லா இருக்கால்ல?"
திரையில் துடிக்க வேண்டிய இடம் துடிக்கவில்லை.
ஆழத்தைக் கூட்டினேன், குறைத்தேன்,
மறுபடி கூட்டினேன்.
"டாக்டர் சொல்லுவாங்கம்மா."
ஜெல்லைத் துடைத்துவிட்டபோது
அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

காரில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி அரைக் கிலோமீட்டர் நடை.
செருப்புக்குள் மண் சுட்டது.
பனைகள் விலகின. கால் தானாக நின்றது.

நாலு ஆள் ஆழம் இருக்கும்.
"என் உயரத்துக்கு நாலு, உன் உயரத்துக்கு அஞ்சு"
என்று கண்ணாலேயே அளந்தான் சூசைராஜ்.
மழை அறுத்த சிவப்புச் சுவர்,
அடியில் வெளுத்துக் கிடந்த வண்டல்,
அதற்கப்பால்
தகரத்தை வளைத்து வைத்தாற்போலக் கடல்.
பெனாசிர் கூவிப் பார்த்தாள்.
எதிரொலி இல்லை,
மண் சத்தத்தைக் குடித்துவிட்டது.

பிறகுதான் எதிர்ச் சுவரில் அந்தக் கீறல்களைக் கண்டோம்:
ஐந்தைந்தாக, சம இடைவெளியில்.
பொக்லைனின் பல்.
கீழே டயர்த் தடம், காலி டீசல் கேன் ஒன்று.
"அப்ப மழை இல்லையா?" என்றாள் பெனாசிர்,
எடை குறைந்த மீனைத்
திருப்பிக் கொடுக்க வந்தவள் குரலில்.
"பாதி மழை, பாதி ராத்திரி லாரி.
எந்தப் பாதி எதுன்னு கேக்காத."

நான் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன்.
கொஞ்சம் மண் சரசரவென்று இறங்கிப் போனது.
யார் தோண்டினால் என்ன,
எட்டிப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்தது.
அப்போது சொன்னேன், நேற்றையதை,
டிக்கெட்டிலிருந்து நன்றி வரை.
பெனாசிர் என் பக்கம் திரும்பவில்லை.
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து
என் மடியில் வைத்தாள்.
சூசைராஜ் இரண்டு தடவை இருமினான்.
கடல் இருந்த இடத்தில் இருந்தது.

திரும்பும்போது அவன் ஓட்டினான்.
வாலிநோக்கம் விலக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது.
மூன்றாம் கியர் செருமியபோது
மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்,
ஏன் என்று தெரியவில்லை.

திங்கள் காலை எட்டரை.
ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன்.
வாரில் சிவப்பாக ஒட்டியிருந்தது.
தட்டிவிட நேரமில்லை.
கையைக் கழுவி, திரையை எழுப்பி,
ஆழத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் வைத்து
முதல் பெயரைக் கூப்பிட்டேன்.