ஆளுக்கு ஒன்பது சதவீதம்

தலைநகரிலிருந்து வந்த கடிதத்தை
முதலில் பிரித்தவள் நான்.
அலுவலகத்தின் ஒரே கத்தரிக்கோல்
என் மேசையில்தான் இருக்கிறது.

கணக்கில் தேர்ச்சி முப்பத்தாறு.
மாநிலச் சராசரி ஐம்பத்து மூன்று.
எங்கள் பள்ளிக்குக் கிடைத்த எழுத்து: டி.

முப்பத்தாறு என்றால் நான்கு பேர்.
பதினோராம் வகுப்பில் இருப்பதே பதினொரு பேர்.
ஆளுக்கு ஒன்பது சதவீதம்,
சில்லறை தனி.

கோல்பி வாவ்ரா தேர்வுக்கு வரவில்லை.
முந்தைய இரவுப் பனிப்புயலில்
கிடேரிக்குக் கன்று பின்கால் முதலாக வந்தது.
விடியும்வரை
முழங்கை மறைய உள்ளே விட்டு இழுத்திருக்கிறான்.
வராதவனுக்குப் பூச்சியம் என்பது விதி.
கன்று பிழைத்துவிட்டது;
அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

டெஸ்ஸா நோவோட்னிக்குப் பெட்ரோல் பங்கில் இரவு வேலை.
முப்பதாம் கேள்விக்கு மேல்
எல்லாவற்றுக்கும் ‘சி’ போட்டுவிட்டுத் தூங்கினாள்.
ஆறு சரியாம்.

ப்ரென்ட்டுக்குக் கணக்கு வராது.
காரணம் தேட வேண்டாம்.
அவன் அப்பாவுக்கும் வராது,
அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து
நான்கு வருடம் பார்த்திருக்கிறேன்.

வியாழன் மாலை நூலகத்தில் கூட்டம் போட்டார்கள்.
விதை வியாபாரி ‘வெட்கக்கேடு’ என்றார்.
நாற்பது மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு
சேர்த்துவிடலாம் என்றார் இன்னொருவர்.
அவர் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள்.
கணக்குக்கும் வேதியியலுக்கும் கூடைப்பந்துக்கும்
காலைப் பேருந்து ஓட்டுவதற்கும்
எங்களுக்கு ஒரே ஆள், ஹாலிகர்.
கடைசிவரை வாய் திறக்கவில்லை,
நகக்கண்ணில் கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
குறிப்பு எழுதும் நானும்
அதை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை யெசேனியா வந்தாள்.
நால்வரில் முதல் மதிப்பெண்.
இறைச்சி ஆலையில் இரண்டாம் ஷிப்டை எடுத்துவிட்டார்கள்,
ஓமாஹாவில் சித்தப்பா வீடு,
சனிக்கிழமை கிளம்புகிறார்கள்.
சான்றிதழை எந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்று
ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வந்திருந்தாள்,
அச்சடித்ததுபோல் கையெழுத்து.

புதுப் பள்ளியில் வகுப்புக்கு ஐந்நூறு பேராம்.
அங்கே அவள்
கால் சதவீதம்கூடத் தேறமாட்டாள்.
இதை ஏன் அவளிடம் சொன்னேனோ.
சிரித்தாள்.
‘அப்படியானால் ஒருநாள் லீவு போட்டாலும் தெரியாது’ என்றாள்.

பள்ளிக் கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்துக்
கையெழுத்துப் போட்டாள்.
கதவுவரை போய்த் திரும்பி வந்து
நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

அலமாரியில் வைக்குமுன் அழுத்திப் பார்த்தேன்.
போன வருடம் மங்கிக் கிடந்த எண்கள்
பளிச்சென்று எரிந்தன.
புது பேட்டரி போட்டிருக்கிறாள்.

அதிலேயே கணக்குப் போட்டேன்:
மூன்று வகுத்தல் பத்து.