உப்பு ஆகாது

பேரணாம்பட்டில் பட்டர் ஃப்ரூட்டா என்று
டீக்கடையில் வைத்தே சிரித்தார்கள்.
ஏலகிரியில் நாற்று விற்ற குப்பராஜும் சிரித்தான்:
"ஹாஸ் கேக்காதீங்க பாய்.
கறுத்துச் சொரசொரக்குமே, அதுக்குக் குளிர் வேணும்.
ஃபுயர்ட்டே கழுத்து நீண்டது,
உங்க ஊர் வெயிலுக்குப் பூவோட கொட்டிடும்.
தடியன்குடிசை ரகம் ஒண்ணு இருக்கு, உருண்டை, பச்சை.
ஒட்டுச்செடி. நாலாம் வருஷம் காய்க்கலாம்,
காய்க்காமயும் போகலாம்.
ரெண்டே விஷயம்:
உப்புத் தண்ணி ஆகாது.
வேரடியில தண்ணி நிக்கக் கூடாது."

போன வாரம்தான் வேலூரில்
டயாலிசிஸ் வார்டை ஒட்டிய சின்ன அறையில்
ஹெப்சிபா மேடம்
இதே இரண்டை இதே வரிசையில்
எனக்கு எழுதித் தந்திருந்தார்.

வாங்கிவிட்டேன்.

இருபத்தோரு வருஷம் தோல் மண்டியில்
பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டவன் நான்.
விரல் வெடிப்பில் உப்பு, லுங்கி மடிப்பில் உப்பு.
என் சட்டையை ஷம்ஷாத் தனியாகத்தான் துவைப்பாள்.
எங்கள் போர்த் தண்ணியில் பருப்பு வேகாது.
தெரியாமல் அதையே ஊற்றினேன் முதல் மாசம்.
இலை நுனியெல்லாம்
யாரோ பீடி நெருப்பு வைத்ததுபோல் கருகிற்று.

அப்புறம் மண்ணை மேடு கூட்டினேன்.
மேற்கு வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன்.
மாடித் தண்ணியை டிரம்மில் பிடித்தேன்.
மழை இல்லாத மாசங்களில் கேன் தண்ணி.
கேன் தண்ணியை மரத்துக்கா என்று
அதற்கும் சிரித்தார்கள்.
ஒரு ஆள் நாளைக்கு மூன்று லிட்டர் குடிப்பான் என்று வையுங்கள்.
எனக்கு அனுமதி முக்கால்.
மீதி ரெண்டேகால் என் பங்குதானே,
நான் யாருக்கு ஊற்றினால் என்ன?

நாலாம் வருஷம் தையில் பூத்தது.
மங்கிய மஞ்சளில், பார்க்க ஒன்றுமில்லாத பூ.
ஆனால் கூத்து இது:
காலையில் பெண்ணாய்த் திறக்கும், மூடிக்கொள்ளும்,
மறுநாள் மத்தியானம்
அதே பூ ஆணாய்த் திறக்கும்.
திங்களும் வியாழனும் மெஷினோடு கிடந்து
மற்ற நாட்களில் மனுஷனாய்த் திரும்பி வருகிற எனக்கு
அது ஆச்சரியமாய் இல்லை.
தேனீக்கு எப்படிக் கணக்குத் தெரிந்ததோ,
எண்ண முடியாத பூவில்
நின்றது பதினோரு காய்.

மரத்தில் கிடக்கும்வரை பழுக்காது.
பறித்து அரிசிப் பானையில் புதைத்தால்
ஐந்தாம் நாள் இளகும்.
நாலாம் நாளே ஹெப்சிபா மேடத்திடம் கேட்டேன்.
"நல்ல கொழுப்பு, நார், ஃபோலேட், எல்லாம் நெசம்தான் பாய்.
ஆனா ஒரு பழத்துப் பொட்டாசியம்
ரெண்டு வாழைப்பழத்தைத் தாண்டும்.
உங்க பொண்ணு மாசமா இருக்காங்களே,
அவங்களுக்குக் குடுங்க."

நிலோஃபர் ஒரு வாய் தின்றுவிட்டு
சோப்பு மாதிரி இருக்கு வாப்பா என்றாள்.
ஷம்ஷாத் சப்புனு இருக்கு என்று
உப்பும் மிளகும் தூவி முழுசும் தின்றாள்,
என் முன்னாலேயே.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
நாலு வருஷமாய் உப்பில்லாச் சோறு தின்கிற எனக்குச்
சப்பென்ற ருசியில் கரைகண்ட எனக்கு
அதில்கூட ஒரு கரண்டி இல்லை.

இன்று வியாழன்.
டிபன் பாக்ஸில் மூன்று பழத்தோடு பஸ் ஏறினேன்.
பக்கத்துக் கட்டில் லால்தங்காவுக்கு ஒன்று.
மிசோரத்திலிருந்து வந்தவன்.
போன தடவை போனில் படம் காட்டினேன்,
எழுந்து உட்கார்ந்து "பட்டர்! பட்டர்!" என்றான்.
எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே சொல்.
அவனுக்கும் ஆகாது என்று அப்புறம்தான் உறைத்தது.
அவன் பெண்டாட்டி தின்னட்டும், நாங்கள் பார்க்கிறோம்.

பள்ளிகொண்டா தாண்டுகையில்
மூடியைத் திறந்து
காம்புப் பக்கம் கட்டைவிரலை வைத்து
மெல்ல அழுத்திப் பார்த்தேன்,
ஊசிக்கு முன்னால் டெக்னீஷியன் பையன்
என் இடது கையை அழுத்திப் பார்ப்பானே, அப்படி.
ஒன்று இளகியிருந்தது.
மற்ற இரண்டுக்கும்
இன்னும் ஒரு நாள் வேணும்.